துணைநூற்பட்டியல்: புத்தகம் கையில் இருக்கும்போதே எழுதுங்கள்

ஆய்வு மாணவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல்தான் வருவார்கள். ஆய்வேட்டின் ஐந்து இயல்களும் பென் டிரைவில் இருக்கும். துணைநூற்பட்டியல் மட்டும் துண்டு துண்டாக இருக்கும்: பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இரண்டு நூல், நோட்டின் கடைசித் தாளில் பத்து, கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்களில் மீதி. “அக்கா, இது மட்டும்தான் பாக்கி. நாளை மறுநாள் கொடுக்க வேண்டும்” என்பார்கள்.

உதகையில் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு சந்தில் 1989இலிருந்து தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். ஸ்டோன் ஹவுஸ் குன்றின் மேலிருக்கும் அரசுக் கலைக் கல்லூரிப் பிள்ளைகள், கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வரும் ஆய்வாளர்கள், முத்தொரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கென்று மலையேறி வந்து இங்கேயே ஏட்டை முடித்துக்கொண்டு இறங்குபவர்கள் என்று எத்தனையோ பேருடைய எழுத்து என் கை வழியாகப் போயிருக்கிறது. இயல்களில் பிழை இருந்தால் நெறியாளர் பார்த்துத் திருத்திவிடுவார். பட்டியலை அவரும் கடைசி நேரத்தில்தான் பார்க்கிறார். அங்கே விழுந்த பிழை அப்படியே பைண்டிங்குக்குப் போகிறது. அடுத்து வரும் மாணவர் அதை நம்பிப் படியெடுக்கிறார். பத்து ஆண்டுக்கு முன் நான் அடித்த அதே பிழை வேறொருவருடைய சீட்டில் திரும்பி வரும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை எந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதுவது என்று தெரிந்துகொள்வது. அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். அட்டையில் நூலின் பெயரைச் சுருக்கியிருப்பார்கள், துணைத்தலைப்பை விட்டிருப்பார்கள், பதிப்பாசிரியரை ஆசிரியர்போலக் காட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும்தான் உங்களுக்கு வேண்டியவை. தமிழ்ப் புத்தகங்களில் அந்தப் பின்பக்கத்தில் ‘நூல் விவரம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, உரிமை, தாள், அளவு, எழுத்தின் புள்ளி, பக்கங்கள், விலை, அச்சிட்டோர், வெளியிட்டோர் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். இவ்வளவு விவரத்தை ஒரே பக்கத்தில் தரும் நல்ல வழக்கம் இது. ஆனால் அந்தக் கட்டத்தின் கடைசி இரண்டு வரிகளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அச்சிட்டோர் என்பவர் அச்சகத்துக்காரர். வெளியிட்டோர் என்பவர் பதிப்பகத்தார். பட்டியலுக்கு வேண்டியது பதிப்பகம். ‘விற்பனை உரிமை’ என்று மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால் அதுவும் நமக்கு வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு மாணவி பழைய ஏடு ஒன்றிலிருந்து ஒரு பதிவை எடுத்தாள். அதில் பதிப்பகம் என்று குறித்திருந்த பெயரைத் தேடிச் சென்னைவரை போனாள். விசாரித்தால் அது ஓர் அச்சகம். மூடிப் பல காலம் ஆகியிருந்தது. புத்தகத்தை வெளியிட்டது வேறொரு பதிப்பகம், அவர்களிடம் பிரதியும் இருந்தது. மூன்று மாதம் வீணாகப் போயிற்று. முதலில் எழுதியவர் ஒரு வரி கீழே பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

மிகப் பழைய நூல்களில் பதிப்பகம் என்று தனியாக எதுவும் இருக்காது. இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று மட்டும் இருக்கும். அப்போது அச்சுக்கூடத்தின் பெயரையே பதிப்பகத்தின் இடத்தில் எழுதலாம். நீலகிரி பற்றிய ஆங்கிலேயர் காலத்து அரசு நூல்களும் அப்படித்தான். மதராஸ் அரசு அச்சகமே அச்சிட்டு வெளியிட்டது.

ஒரு நூலின் பதிவு இந்த வரிசையில் போகும்:

ஆசிரியர் பெயர், தலைப்பெழுத்து. நூலின் பெயர். ஊர்: பதிப்பகம், ஆண்டு.

எங்கள் மலையின் பழங்குடியினரான தோடர்களைப் பற்றி எழுதும் எவரும் தொடாமல் போக முடியாத நூல் ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். இங்கே வசதிக்காகத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்; உங்கள் பட்டியலில் ஆங்கில நூலை ஆங்கில எழுத்தில், தனிப் பிரிவாக எழுதுங்கள்.

ரிவர்ஸ், டபிள்யூ. எச். ஆர். த டோடாஸ். லண்டன்: மேக்மில்லன், 1906.

பெயருக்குப் பின் முற்றுப்புள்ளி. நூலின் பெயருக்குப் பின் முற்றுப்புள்ளி. ஊருக்குப் பின் முக்காற்புள்ளி. பதிப்பகத்துக்குப் பின் காற்புள்ளி. ஆண்டுக்குப் பின் முற்றுப்புள்ளி. ஆண்டை முன்னால் கொண்டுவரும் முறை என்றால் அதே நூல் இப்படி மாறும்:

ரிவர்ஸ், டபிள்யூ. எச். ஆர். (1906). த டோடாஸ். மேக்மில்லன்.

இரண்டாவதில் லண்டன் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிகாகோ என்பவை துணைநூற்பட்டியல் எழுதுவதற்கான வெளிநாட்டு முறைகள். ஏ.பி.ஏ. முறையின் ஏழாம் பதிப்பு ஊர்ப் பெயரைக் கைவிட்டுவிட்டது. எம்.எல்.ஏ. முறை 2016இல் வந்த எட்டாம் பதிப்பிலேயே விட்டுவிட்டது. 1900க்கு முந்தைய நூல்களுக்கு மட்டும் ஊர் வேண்டும் என்கிறது. 2024இல் வந்த சிகாகோ பதினெட்டாம் பதிப்பும் அதே வழிக்கு வந்துவிட்டது. ஆனால் தமிழ்த் துறைகளில் இன்றும் ஊர் கேட்கிறார்கள், நானும் ஊர் எழுதுவதுதான் சரி என்ற கட்சி. தமிழில் சிறு பதிப்பகங்கள் அதிகம். ஒரே பெயரில் மதுரையில் ஒன்றும் கோவையில் ஒன்றும் இருக்கும். ஊரை எழுதினால்தான் தேடுகிறவருக்கு வழி தெரியும். எப்படியானாலும் உங்கள் பல்கலைக்கழகம் தந்திருக்கும் வழிகாட்டியை முதலில் வாங்கிப் படியுங்கள். அது சொல்வதைக் கடைசிவரை மாற்றாமல் பின்பற்றுங்கள். பாதிப் பட்டியலில் ஆண்டு முன்னாலும் மீதியில் பின்னாலும் நிற்பதுதான் நான் அதிகம் காணும் குறை.

இனி பெயர். தமிழருக்கு இங்கேதான் உண்மையான சிக்கல். வெளிநாட்டு முறைகள் எல்லாம் குடும்பப் பெயர் என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. கடைசியில் வருவதை முன்னால் போடு, முன்னால் வருவதைப் பின்னால் போடு என்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. அது தந்தையின் பெயராக இருக்கலாம், ஊரின் பெயராக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். உ. வே. சாமிநாதையர் என்பதில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். ஆகவே பட்டியலில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று எழுதுகிறோம். அவருடைய சொந்தப் பெயர் முன்னால் வருகிறது, ஊரும் தந்தையும் பின்னால் நிற்கிறார்கள். தலைப்பெழுத்தை விரித்து எழுதி அதைக் குடும்பப் பெயராக்கிவிடாதீர்கள். மேற்கோள் மென்பொருள் பயன்படுத்துகிறவர்கள் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஆசிரியரின் சொந்தப் பெயரையும், மற்ற கட்டத்தில் தலைப்பெழுத்தையும் இடுங்கள். மாற்றி இட்டால் ‘உ. வே., சாமிநாதையர்’ என்று விழும். உகரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தலைப்பெழுத்து இல்லாமல் இரண்டு பெயராக வழங்குபவர்களை எங்கே வைப்பது? எங்கள் மலையின் படகர் வாழ்வை வைத்துக் ‘குறிஞ்சித்தேன்’ நாவல் எழுதிய ராஜம் கிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணன் என்பது அவருடைய கணவர் பெயர். ‘கிருஷ்ணன், ராஜம்’ என்று திருப்பிப் போட்டு அவரைக் ககரத்தில் வைத்த ஏடுகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. எழுதியவர் ராஜம். வாசகர்கள் அவரைத் தேடுவதும் ராஜம் கிருஷ்ணன் என்றுதான். திருப்பாமல் அப்படியே ரகரத்தில் வையுங்கள். புனைபெயரும் அவ்வாறே. கல்கி கல்கியாகவே இருக்கட்டும், புதுமைப்பித்தன் புதுமைப்பித்தனாகவே இருக்கட்டும். இயற்பெயர் வேண்டுமென்றால் [ ] என்ற பகர அடைப்புக்குள் பக்கத்தில் எழுதலாம்.

பட்டங்களை விட்டுவிடுங்கள். முனைவர், பேராசிரியர், புலவர், கவிஞர் எதுவும் பட்டியலில் வராது. உதகையின் வரலாற்றை 1908இல் நூலாக்கிய பிரைஸின் பெயருக்கு முன் ‘சர்’ உண்டு, பின்னால் அரசு தந்த விருதெழுத்துகளும் உண்டு. பட்டியலில் அவர் ‘பிரைஸ், பிரெடரிக்’ மட்டும்தான். உங்கள் நெறியாளரின் நூலைப் பட்டியலில் சேர்க்கும்போதும் இதே விதிதான். மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். மரியாதையை நன்றியுரையில் வேண்டிய மட்டும் எழுதுங்கள். ஆனால் பெயரோடு ஒட்டிய ‘ஆர்’ விகுதி வேறு விஷயம். ஒரு நூலில் மீனாட்சிசுந்தரன் என்றும் இன்னொன்றில் மீனாட்சிசுந்தரனார் என்றும் இருந்தால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்து இரு நூல்களையும் அதன் கீழேயே கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ஒரே அறிஞர் இரண்டு பேராகிவிடுவார்.

அதேபோல் இராமசாமி, ராமசாமி. ஒரே எழுத்தாளர் ஒரு புத்தகத்தில் இகரம் சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும் அச்சாகியிருப்பார். ஒன்று இகர வரிசைக்கும் மற்றொன்று ரகர வரிசைக்கும் போய்விடும். நடுவில் ஐந்து பக்கம் இடைவெளி. ஏதாவது ஓரிடத்தில் முழுப் பதிவுகளையும் வைத்து, மற்ற இடத்தில் ‘ராமசாமி – காண்க: இராமசாமி’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நூலின் பெயரைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1996இல் மதராஸ் சென்னை ஆனது. அதற்கு இரண்டொரு ஆண்டு கழித்து ஒரு வரலாற்று ஏடு அடித்துக்கொண்டிருந்தேன். “எல்லா இடத்திலும் சென்னை என்றே மாற்றிவிடுங்கள் அக்கா” என்று அந்தத் தம்பி சொன்னார். கணினி புதிது, ஒரே கட்டளையில் ஏடு முழுவதும் மாற்றினேன். கிரிக் என்பவர் 1880இல் எழுதிய நீலகிரி மாவட்டக் கையேட்டின் தலைப்பில் ‘மதராஸ் பிரசிடென்சி’ என்ற சொற்கள் உண்டு. அது ‘சென்னை பிரசிடென்சி’ ஆகிவிட்டது. ‘மதராஸ் மாவட்ட விவரச் சுவடிகள்’ வரிசையில் 1908இல் பிரான்சிஸ் எழுதிய நீலகிரித் தொகுதிக்கும் அதே கதி. அப்படி எந்தப் புத்தகமும் உலகத்தில் கிடையாது. தேர்வாளர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார். அன்றிலிருந்து ஊர்ப் பெயரை மொத்தமாக மாற்றும் வேலையை நான் செய்வதில்லை. 1908 நூலுக்கு வெளியீட்டிடம் மதராஸ்தான். தலைப்புப் பக்கம் அப்படித்தான் சொல்கிறது. ‘ஊட்டகமண்ட்’ என்று அச்சிட்டிருந்தால் உதகமண்டலம் ஆக்காதீர்கள்.

எழுத்துக்கூட்டலும் அப்படியே. கிரிக்கின் தலைப்பில் ‘நிலகிரி’ என்று ‘எல்’ எழுத்துக்குப் பின் ஓர் ‘ஏ’ இருக்கிறது. இன்று ஆங்கிலத்தில் அந்த ‘ஏ’ இல்லாமல் எழுதுகிறோம். கணினி அதன் கீழே சிவப்புக் கோடு போடும். நீங்கள் கை வைக்காதீர்கள். பைசன் எழுதிய தாவர நூல் நீலகிரி, பழனி இரு மலைகளின் உச்சிப் பகுதிகளுக்கும் உரியது. அதன் தலைப்பில் பழனி ‘புல்னி’ என்று இருக்கிறது. நூலகப் பட்டியலில் தேடுகிறவர் ‘பழனி’ என்று தட்டினால் அந்த நூல் கிடைக்காமல் போகலாம். ‘புல்னி’ என்று தட்டினால் கிடைக்கும். ஆகவே உங்கள் பதிவிலும் ‘புல்னி’ என்றே இருக்க வேண்டும்.

ஆண்டு எளிது என்று நினைப்பீர்கள். இன்றைய நூல்களுக்கு எளிதுதான்: முதற்பதிப்பு ஆண்டும் உங்கள் கையிலிருக்கும் பதிப்பின் ஆண்டும் இருந்தால் இரண்டாவதை எழுதுங்கள், ஏனென்றால் நீங்கள் தரும் பக்க எண் அந்தப் பதிப்புக்குரியது. ‘இரண்டாம் பதிப்பு’, ‘மூன்றாம் பதிப்பு’ என்பதை நூலின் பெயருக்கு அடுத்துச் சேருங்கள். டெல்லியில் மறுஅச்சு செய்த ஆங்கிலேயர் காலத்து நூல் என்றால் இரண்டு ஆண்டும் வேண்டும். பழைய ஆண்டை விட்டுவிட்டால் 1909இல் வந்த நூல் நேற்று எழுதியதுபோல் தோன்றும். ‘1909. மறுஅச்சு, டெல்லி: …’ என்று தொடருங்கள்.

பழைய தமிழ் நூல்களில் மூன்று வகை ஆண்டு வரும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழிக்க வேண்டும். 2032 என்று இருந்தால் 2001. அறுபது வருடச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை. பிரபவ வருடம் 1867இலும் வந்தது, 1927இலும் வந்தது, 1987இலும் வந்தது. தாளையும் எழுத்தையும் முன்னுரையையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவுசெய்யுங்கள். வருடம் சித்திரையில் பிறப்பதால் இன்னொரு கணக்கும் உண்டு: 1927இல் பிறந்த பிரபவ வருடத்தின் தை மாதம் 1928 ஜனவரியில் வருகிறது. மாதம் தெரியாவிட்டால் 1927–28 என்று எழுதுங்கள். ஆண்டே இல்லாத நூலுக்கு ‘ஆண்டு இல்லை’ என்று எழுதிவிடுங்கள். முன்னுரையிலிருந்து கண்டுபிடித்தீர்கள் என்றால் அந்த ஆண்டைப் பகர அடைப்புக்குள் போடுங்கள்; தலைப்புப் பக்கத்தில் அது இல்லை, நீங்கள் கண்டுபிடித்தது என்று அந்த அடைப்பு சொல்லும்.

மூன்றாவது வகை தமிழ் எண்கள். புறநானூற்றை உ. வே. சா. முதலில் பதிப்பித்த 1894ஐத் தமிழ் எண்ணில் எழுதினால் ௧௮௯௪ என்று வரும். எழுத்தாகப் படித்தால் ‘கஅகூச’ போலத் தெரியும். ஒருவர் முகவுரையின் எட்டாம் பக்கத்திலிருந்து மேற்கோள் காட்டிவிட்டு ‘ப. அ’ என்று எழுதிக்கொண்டு வந்தார். அது எழுத்து என்றே நினைத்திருக்கிறார். ௧ முதல் ௯ வரை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்பதையும் சேர்த்து.

பல தொகுதி நூல்கள், பதிப்பித்த நூல்கள், மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றில் முறை அதேதான், சேர்க்கை மட்டும் வேறு. தர்ஸ்டனின் தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல் 1909இல் 7 தொகுதிகளாக வந்தது, உதவியவர் கே. ரங்காச்சாரி என்று தலைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயரை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து விடாதீர்கள். தொகுதிகளின் மொத்த எண்ணிக்கை பட்டியலில் வரும். நீங்கள் பயன்படுத்திய தொகுதி எண் அடிக்குறிப்பில் வரும். இதைக் க. ரத்னம் தமிழாக்கித் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தமிழ்த் தொகுதியைப் படித்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயரோடு அதைத்தான் குறிக்க வேண்டும். தமிழில் படித்துவிட்டு ஆங்கில மூலத்தைப் படித்ததுபோல் பட்டியலிடுவது நேர்மையில்லை. பக்க எண்ணும் பொருந்தாது. தொகுதிகள் வெவ்வேறு ஆண்டுகளில் வந்திருந்தால் முதல் ஆண்டும் கடைசி ஆண்டும் கோடிட்டு வரும். பைசனின் 3 தொகுதிகளுக்கு 1915–1920 என்பதுபோல.

பலர் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு என்றால் கட்டுரையாளர் முன்னால் வருவார், பதிப்பாசிரியர் பின்னால் வருவார். பால் ஹாக்கிங்ஸ் பதிப்பித்து 1989இல் டெல்லி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘புளூ மவுன்டன்ஸ்’ இப்படிப்பட்டது. எங்கள் கடைக்கு வரும் ஏடுகளில் பாதிக்கு மேல் அதிலிருந்து ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்தாளும். ஆனால் எல்லாவற்றையும் ஹாக்கிங்ஸ் எழுதியதாகவே குறித்திருப்பார்கள். கட்டுரையாளர் பெயர், ஒற்றை மேற்கோள் குறிக்குள் கட்டுரைத் தலைப்பு, பிறகு நூலின் பெயர், ‘பதி. பால் ஹாக்கிங்ஸ்’, ஊர், பதிப்பகம், ஆண்டு, கடைசியாகக் கட்டுரையின் முதல் பக்கமும் இறுதிப் பக்கமும். ஒரு பக்கமென்றால் ‘ப.’, பல பக்கமென்றால் ‘பக்.’

சங்க நூல்களுக்கு ஏட்டின் உள்ளே பாட்டு எண் போதும். குறிஞ்சிப் பூவைப் பற்றி எழுதுகிறவர் ‘கருங்கோற் குறிஞ்சி’ வரும் இடத்தை (குறுந். 3), அதாவது குறுந்தொகை மூன்றாம் பாட்டு, என்று குறித்தால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் கண்டுபிடித்துவிடுவார். பட்டியலில் மட்டும் நீங்கள் படித்த பதிப்பை, பதிப்பாசிரியர் அல்லது உரையாசிரியர் பெயரோடு எழுதுங்கள். பாடம் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும்.

இணையத்தில் ஒளிவருடிய புத்தகத்தைப் படித்திருந்தால் அச்சு நூலுக்குரிய விவரம் முழுவதையும் எழுதிவிட்டு, பிறகு தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் சேருங்கள். வெறும் இணைப்பை மட்டும் ஒட்டாதீர்கள்.

இனி அகர வரிசை. மாணவர்கள் பட்டனை அழுத்திவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஏடு என்றால் கணினிக்கு அது தமிழே இல்லை. அதற்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள், அந்த வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் அடித்திருந்தாலும் சில மென்பொருள்கள் எழுத்துகளின் குறியெண் வரிசைப்படி அடுக்குகின்றன. அந்த வரிசையில் சகரத்துக்குப் பின் ஜகரம் இருக்கிறது, நகரத்துக்குப் பின் னகரம் இருக்கிறது, றகரம் ரகரத்தை ஒட்டி இருக்கிறது, வகரம் ழகரத்துக்கும் பின்னால் போய்விடுகிறது. புள்ளி வைத்த மெய்யெழுத்து ககரம் முதல் கௌகாரம்வரை எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. நம் அகராதி வரிசையில் மெய்தான் முதலில், உயிர்மெய் அடுத்து. கிரந்த எழுத்துகள் னகரத்துக்கும் பின்னால், கடைசியில்.

உங்கள் கணினி எப்படி என்று சோதிக்க ஆறு பெயரை அடித்து அடுக்கச் சொல்லுங்கள். சரியான தமிழ் வரிசை இது: கண்ணன், கணேசன், மயில்வாகனன், மனோகரன், வேலு, ஜெயராமன். குறியெண் வரிசை என்றால் இப்படி வரும்: கணேசன், கண்ணன், ஜெயராமன், மனோகரன், மயில்வாகனன், வேலு. இரண்டாவது வந்தால் அந்தப் பட்டனை நம்பாதீர்கள். நூறு பதிவுள்ள பட்டியலைச் சீட்டுகளாக வெட்டி மேசையில் பரப்பிக் கையால் அடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒரே ஆசிரியரின் இரண்டு நூல் வந்தால் முறைக்கு முறை வழக்கம் வேறு. மொழியியலாளர் எமனோவின் கோத்தர் கதைத் தொகுப்பு 1944–46இல் வந்தது, தோடர் பாடல்கள் 1971இல் வந்தது. ஆண்டை முன்னால் எழுதும் முறையில் பெயரை இரண்டு தடவையும் எழுதி, பழையதை முன்னால் வைக்க வேண்டும். எம்.எல்.ஏ. முறையில் இரண்டாவதுக்குப் பெயருக்குப் பதில் மூன்று சிறு கோடு. வரிசை நூலின் பெயரைப் பொறுத்தது. கோடுகளைக் கடைசி நாளில் போடுங்கள். முன்னதாகப் போட்டுவிட்டு நடுவில் வேறொரு ஆசிரியரை நுழைத்தால், கீழே உள்ள நூல் அவருடையதாகிவிடும். மேலே சொன்ன அதே நூல் என்று காட்ட அடிக்குறிப்பில் எழுதும் ‘மேலது’வுக்கும் இதே எச்சரிக்கை. பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டியதும் ‘மேலது’ வேறு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். எழுதும் காலம் முழுவதும் ஆசிரியர் பெயரையும் சுருக்கத் தலைப்பையும் எழுதிவாருங்கள்; எல்லா மாற்றமும் நின்ற பிறகு ‘மேலது’வாக மாற்றுங்கள்.

நூலின் பெயரைச் சாய்வெழுத்தில் போடச் சொல்வார்கள். தட்டச்சு இயந்திரக் காலத்தில் சாய்வு கிடையாது, அடிக்கோடுதான். தமிழில் ‘கு’, ‘மூ’, ‘ரு’ எல்லாம் வரிக்குக் கீழே இறங்குவதால் கோடு அவற்றை வெட்டிக்கொண்டு போகும். அடிக்கோடு இனி வேண்டாம். உங்கள் எழுத்துருவில் சாய்வு படிக்கும்படி இருந்தால் சாய்வு, இல்லாவிட்டால் தடித்த எழுத்து. எதுவானாலும் முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை ஒன்றே. ஆசிரியர் பெயர் ஓரத்தில் தொடங்க வேண்டும், அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இடைவெளிப் பட்டனை ஐந்து தடவை தட்டித் தள்ளாதீர்கள். பத்தி அமைப்பிலேயே அதற்கு வசதி இருக்கிறது. தட்டித் தள்ளிய பட்டியல் என் கணினியில் திறக்கும்போது கலைந்துபோய் வருகிறது.

கடைசியாக ஒரு வேலை. ஏட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வாருங்கள். உள்ளே ஒரு நூல் வரும்போதெல்லாம் பட்டியலில் அதற்கு ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி விழாத பதிவு நீங்கள் பயன்படுத்தாத நூல். புள்ளி வைக்க இடமே இல்லாத நூல் பட்டியலில் விட்டுப்போனது. இரண்டும் எல்லா ஏட்டிலும் இருக்கும். விட்டுப்போன நூலுக்காக ஓடும்போதுதான் அது நூலகத்துக்குத் திரும்பிப் போய்விட்டது தெரியவரும். 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தில் பார்த்த நூல் என்றால் மறுபடியும் அங்கே போக வேண்டும். கோவைப் பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் பயணம். ஆகவே புத்தகத்தை முதன்முதலாகத் திறந்த அன்றே ஒரு சீட்டில் முழுப் பதிவையும் எழுதி, மேல் மூலையில் நூலகத்தின் பெயரையும் அழைப்பெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதானால் தலைப்புப் பக்கம் ஒன்று, அதன் பின்பக்கம் ஒன்று, இரண்டும் வேண்டும்.

பிறகு அச்சுப் பிரதி எடுத்து ஒருவர் சீட்டைப் படிக்க, ஒருவர் பட்டியலைப் பார்க்க வேண்டும். புள்ளி, காற்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள். நூறு பதிவுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். ஜூன் முதல் ஆகஸ்டுவரை இங்கே மழையும் பனிமூட்டமும் சேர்ந்து தாள் நமுத்துப்போகும், பைண்டிங் பசை காய இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும். அந்த மாதங்களில் ஏடு கொடுக்க வேண்டியவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.